சர்வருக்கு வாங்கிய ஏசி

மதிப்பிற்குரிய பெரியமாமாவுக்கு,

தங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, எதையும் கூட்டாமல், எதையும் விழுங்காமல் இந்தக் கடிதத்தில் பதிவு செய்வேன் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் இங்கு யாவரும் நலம் என்று எழுத வேண்டும். உறுதி கூறிய அடுத்த வரியிலேயே அப்படி எழுத மனம் வரவில்லை. நானும் அம்மாவும் நலம். சர்வர் இப்போது நலம். நகரமன்றத் தலைவருக்குத்தான் ஜலதோஷம்.

"உங்கம்மாகிட்ட கேட்டா எல்லாம் நல்லாயிருக்குன்னு ஒரே பாட்டு. நீயாவது உள்ளத எழுது. வேற ஊருக்கு மாத்தலா இல்லையா? சாமான் ஏத்த லாரிய ஒதுக்கி வைக்கணுமா வேண்டாமா?" என்று தாங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள். லாரி வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தை விளக்கத்தான் இத்தனை காகிதம்.

நகராட்சியின் கணினிப் பிரிவு என்றால் பெரிய கூடம், வரிசையாக ஆட்கள் என்று தாங்கள் நினைத்திருக்கலாம். கணினிப் பிரிவு என்பது அம்மா, ஒரு மேசை, பிறகு சாமான் அறையில் துடைப்பங்களுக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் இருக்கும் சர்வர். அவ்வளவுதான். ஊரிலுள்ளவர்களின் வீட்டு வரி, தண்ணீர் வரி, பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இரும்புப் பெட்டி அது. சூடு ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். போன கோடையில், வரி கட்டக் கடைசி நாளன்று அப்படி நின்றது. வரிசை தெருமுனை வரை போய்விட்டது. பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்த பெரியவர் ஒருவரிடம், "சர்வர் எந்திரிச்சாத்தான் நீங்க பொறந்தீங்களா இல்லையான்னு சொல்ல முடியும்" என்று ஜன்னலில் இருந்தவர் சொன்னதை நானே கேட்டேன். அன்றைக்கு அம்மாவுக்கு ஒரு மெமோ வந்தது. இன்னொரு முறை சர்வர் நின்றால் அம்மாவுக்கு வெளியூர் மாற்றல். மாற்றல் என்றால் எனக்குப் பள்ளி மாறும். பள்ளி நூலகத்தின் கலைக்களஞ்சியத்தில் இப்போதுதான் 'ச' வரிசைக்கு வந்திருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் 'ச' வரைக்கும் மட்டுமே தெரிந்தவளாக நான் எப்படி நடமாடுவேன்?

சர்வருக்கு ஏசி வேண்டும் என்று அம்மா ஆண்டுதோறும் பட்ஜெட்டில் எழுதுவாள். கணக்கு அதிகாரி ஆண்டுதோறும் அதை அடிப்பார். அவருக்கு அலுவலகத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் கத்தரிக்கோல். (நான் ஒருமுறை முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பாராட்டாக எடுத்துக்கொண்டார்.) இந்த ஆண்டு அம்மா ஏசி என்று எழுதாமல் 'சர்வர் வெப்பநிலைப் பராமரிப்புச் சாதனம்' என்று எழுதினாள். நகரமன்றக் கூட்டத்தில் நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் புது மைக் வாங்குவதா, பழையதையே தட்டித் தட்டிப் பேசுவதா என்று உறுப்பினர்கள் மதியம் வரை சண்டை போட்டார்கள். வெப்பநிலைப் பராமரிப்புச் சாதனம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறைவேறியது. அது என்னவென்று கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் பெட்டி வந்திறங்கியபோது அதன் மேல் பனிக்கட்டிப் படம் போட்டிருந்தது, மாமா. அந்த நேரம் பார்த்துத் தலைவர் வராந்தாவில் வந்தார்.

"என்னம்மா, பாத்தா ஏசி மாதிரி இருக்கு?"

"ஏசிதாங்க. சர்வருக்கு."

"மெஷினுக்கு வேர்க்கவா போகுது? நம்ம ரூம்ல மாட்டுங்க. தற்காலிகமா."

தற்காலிகம் என்பதற்கு அகராதியில் சிறிது காலம் என்று பொருள் போட்டிருக்கிறது. சுவரில் ஓட்டை போட்டு சிமெண்ட் பூசி மாட்டினார்கள். அம்மா வீட்டிலிருந்து மேசை விசிறியைக் கொண்டுபோய் சர்வர் முன்னால் வைத்தாள். வீட்டில் நான் நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டு படித்தேன்.

இப்படியே இருந்திருக்கும், தணிக்கை அதிகாரி மட்டும் வராமல் இருந்திருந்தால். ஏசி சர்வர் அறையில் பொருத்தப்பட்டது என்று பில்லில் கத்தரிக்கோலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது என்ன செய்வது? ஏசியைக் கழற்றலாம் என்றால் தலைவர் விடமாட்டார். கடைசியில் கத்தரிக்கோல் தலைவரிடம் அனுமதி வாங்கி, சாமான் அறைக் கதவிலிருந்த 'சர்வர் அறை' என்ற பலகையைக் கழற்றித் தலைவர் அறைக் கதவில் மாட்டிவிட்டார். பலகை மாறினால் அறை மாறியதாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. தணிக்கை அதிகாரி குதிகால் செருப்பு டக்டக்கென்று ஒலிக்க உள்ளே போனார். ஏசியைப் பார்த்தார். பிறகு சோபாவைப் பார்த்தார், மாலை போட்ட தலைவரின் படத்தைப் பார்த்தார்.

"ஏசி சரி. சர்வர் எங்க?"

கத்தரிக்கோல் வாசல் பக்கம் கை காட்டினார். "அது... வெளிய போயிருக்குங்க."

"சர்வர் வெளிய போயிருக்கா?"

"இப்ப வந்துடும்."

"நாளைக்கு வருவேன். அப்ப இங்க இருக்கணும்."

அன்று மாலையே அம்மா சர்வரை முறைப்படி நிறுத்தி, நான்கு பேர் தூக்க, தலைவர் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து மறுபடி ஓடவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உன் கையெழுத்து அழகா இருக்கும், சர்வர் ரூம் விதி எல்லாம் பெருசா எழுது" என்றாள். எழுதினேன். செருப்புடன் நுழையக் கூடாது. உணவு, பானம் கூடாது. ஏசியின் அளவை மாற்றக் கூடாது. உள்ளே செல்பவர் பதிவேட்டில் காரணத்துடன் கையொப்பமிட வேண்டும். மறுநாள் தலைவர் காப்பிக் கோப்பையுடன் வாசலில் நின்று இதைப் படித்தார்.

"என் ரூமுக்குள்ள போக நான் கையெழுத்துப் போடணுமா?"

"உங்க ரூம் இல்லீங்களே, சர்வர் ரூம். போர்டு இருக்கு பாருங்க" என்றாள் அம்மா, முகத்தைப் பச்சைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு.

"யாருய்யா இந்த போர்ட மாட்டச் சொன்னது?"

"நீங்கதாங்க" என்றார் கத்தரிக்கோல்.

தணிக்கை அதிகாரி உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் தலைவர் கையெழுத்துப் போட்டார். வருகையின் காரணம் என்ற இடத்தில் 'உட்கார' என்று எழுதினார்.

அதன் பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே! குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டார். சர்வர் போட்ட சத்தத்தில் அவர் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. மற்றவர் பேசுவது அவருக்குக் கேட்காதது ஒன்றும் புதிதல்ல. ரகசியமாகப் பேச வந்த சாலை ஒப்பந்தக்காரர் தொண்டை கிழியக் கத்த வேண்டியதாகி, அந்த ரகசியத்தை வராந்தா முழுவதும் கேட்டது. நானும் கேட்டேன். அதை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகவே உண்மையை மறைக்கவில்லை, தள்ளி வைக்கிறேன். மதிய வேளையில் அந்த அறையில் குறட்டைச் சத்தம் கேட்கும் என்று எழுத இருந்தேன். ஆனால் அது தலைவரா சர்வரா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாததால் அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்று அவர் தும்மிக்கொண்டே எழுந்து, "போதும்மா, நீயும் உன் மெஷினும் நல்லா இருங்க" என்று கும்பிட்டுவிட்டு, தன் நாற்காலி, சோபா, படத்துடன் சாமான் அறைக்குக் குடிபோய்விட்டார். போகும்போது நம் மேசை விசிறியைக் கேட்டார். அம்மா பெருந்தன்மையாகக் கொடுத்தாள். இப்போது சர்வருக்கென்று தனி அறை, தனி ஏசி. இனி அது நிற்காது. அது நிற்காவிட்டால் மாற்றல் இல்லை. ஆகவே லாரி வேண்டாம், மாமா. அத்தைக்கு என் வணக்கத்தையும் குட்டிப் பாப்பாவுக்கு என் முத்தத்தையும் சேர்ப்பியுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்தருளவும்; உண்மைப் பிழை இராது.

தங்கள் பணிவுள்ள மருமகள்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் முன் இதையும் சேர்த்துவிடுகிறேன், உறுதி கூறியிருக்கிறேன் அல்லவா. சாமான் அறையில் தலைவருக்கு வேகிறதாம். கரண்டு போனால் சர்வரைத் தாங்க அம்மா கேட்டிருந்த பேட்டரியை இன்று காலை கத்தரிக்கோல் பட்ஜெட்டிலிருந்து அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'தலைவர் வெப்பநிலைப் பராமரிப்புச் சாதனம்' என்று எழுதிக்கொண்டார். இரண்டு ஏசிக்கு மின்கட்டணம் எகிறுமே என்று, ஆளில்லாத அறைகளில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட வேண்டும் எனச் சுற்றறிக்கையும் விட்டிருக்கிறார். அலுவலகம் முடிந்ததால் இப்போது அவரே ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். தலைவர் போய்விட்டதால் சர்வர் அறையில் ஆளில்லை. அம்மாவின் மேசையிலிருந்து எனக்கு எல்லாம் தெரிகிறது. கத்தரிக்கோல் மிகவும் ஒழுங்கானவர், மாமா. செருப்பை வெளியே விட்டார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். வருகையின் காரணம் 'சிக்கனம்' என்று எழுதினார். "ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு கரண்டு?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகிறார். அம்மா, "சார், அது வேணாம் சார்!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். சர்வர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

இப்போது சத்தம் இல்லை. லாரியை ஒதுக்கி வைக்கவும். விளக்குகளையும் அணைத்துவிட்டார்.