ஆறடி நீளப் பூச்சி

"நீயாம்மா செக்ரட்டரி? பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாம்மா, பேசுவோம்."

கூடுவாஞ்சேரி பக்கம் ஏரியை ஒட்டிய ஓர் அப்பார்ட்மெண்ட். அதன் அசோசியேஷன் செயலாளர் என் கடிதத்தின் அடியில் இருந்த ரப்பர் ஸ்டாம்ப்பைப் பார்த்தபடி இப்படிச் சொன்னார். (என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டாம்ப்பைத்தான் நம்பாமல் பார்த்தார்.)

நான் செயலாளர்தான். நாங்கள் இருளர். ஏரிக்கரையில் வாழும் ஏழு குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை எங்களுடையது. புதர்க்காட்டைக் காப்பாற்றுவோம், வெட்டிய இடத்தில் நாட்டு மரக்கன்று நடுவோம். என் அம்மா தலைவர். ஏழு வீட்டிலும் பள்ளிக்கூடம் போய், தாம்பரத்தில் கல்லூரியும் முடித்த முதல் ஆள் நான். அதனால் செயலாளர் பதவி போட்டியில்லாமல் கிடைத்தது. கூடவே தலைக்கனமும் கிடைத்தது.

அப்பார்ட்மெண்ட் மதிலுக்கும் ஏரிக்கும் நடுவில் அவர்களுக்குச் சொந்தமான புதர்க்காடு ஒன்று இருந்தது. அதை அழித்து நடைபாதை போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 'அப்படியே விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கேட்கத்தான் போயிருந்தேன். நாலு முறை நடந்த பிறகு அந்தச் செயலாளர் சார் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சண்டே எல்லாரும் வந்து பாக்கறோம். எதுக்கு விடணும்னு சொல்லுங்க. கன்வின்ஸ் ஆகலேன்னா மண்டே ஜேசிபி."

அன்று மாலையே அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

"நீ ரெண்டு வார்த்தை சொன்னா போதும்மா. அங்க பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மீதிய நான் இங்கிலீஷ்ல பாத்துக்கறேன்."

"அப்ப நான் இன்னாத்துக்கு?"

"நீ தலைவரும்மா. போட்டோல நிக்கணும்."

(இதைத் தட்டச்சு செய்யும்போது இப்போதும் காது சுடுகிறது.)

ஞாயிற்றுக்கிழமை காலை. தொப்பியும் வாக்கிங் ஷூவுமாக இருபது பேர். அம்மா முன்னால் நடந்தாள். ஒரு காரைமுள் புதர் அருகே மண்ணைப் பார்த்து நின்றாள்.

"இந்தப் பொதர்ல பூச்சி கீது. இப்பதான் உள்ள பூந்துகீது. பெரிசு."

எங்கள் வீட்டில் பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டோம், பூச்சி என்போம். (சில வீடுகளில் இருட்டிய பிறகுதான் அது பூச்சி. எங்களுக்குப் பட்டப்பகலிலும் பூச்சிதான்.) பிறந்ததிலிருந்து கேட்ட சொல். ஆனால் இருபது பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்ததும், என் மண்டையிலிருந்து அம்மாவின் பேச்சு போய்விட்டது. ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் திறந்துகொண்டது.

"தேர் இஸ் அன் இன்செக்ட் இன் திஸ் புஷ். வெரி பிக்."

"ஹவ் பிக்?" என்றார் ஒரு மேடம்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் இரண்டு கைகளையும் விரித்தாள். போதாமல் ஓரடி நகர்ந்தும் காட்டினாள்.

"சிக்ஸ் ஃபீட்," என்றேன்.

சொன்ன மறுகணமே தப்பு புரிந்துவிட்டது. 'ஸாரி, ஸ்நேக்' என்றால் முடிந்துபோயிருக்கும். ஆனால் என் ஸ்டாம்ப்பை அப்படிப் பார்த்த மனிதர் முன்னால் ஸாரி சொல்வதா?

"ரேர் ஸ்பீஷீஸ்," என்று சேர்த்துக்கொண்டேன்.

"ஆறடில பூச்சியா?" சார் கண்ணாடியைச் சரிசெய்தார். "பறக்குமாம்மா?"

அம்மாவைக் கெஞ்சும் பார்வை பார்த்தேன். காலேஜுக்கு ஒழுங்காகப் போனாளா என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

"பறக்காது சார். மரம் ஏறும்," என்றேன் நானே.

பாம்பு என்றால் ஜனங்கள் இரண்டடி பின்னால் போவார்கள். அபூர்வப் பூச்சி என்றால் நாலடி முன்னால் வருகிறார்கள். எங்களோடு வந்து பின்னால் நின்ற ஏழுமலை மாமா பதறிவிட்டார்.

"எம்மா, அவங்ககிட்ட இன்னா சொல்லிகினு கீற? அல்லாரும் குனிஞ்சு பாக்குறாங்களே!"

சார் போனில் வீடியோவைப் போட்டு, புதருக்குள் தலையை நீட்டினார். வாயில் எலியோடு சாரைப்பாம்பு வெளியே வந்தது. (விஷமில்லாதது. அந்த விவரத்தைக் கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை.)

கூட்டம் சிதறி ஓடியது. ஆனால் முதலில் ஓடியது நான். ஹாஸ்டலில் வளர்ந்த எனக்குப் பாம்பைக் கண்ணில் பார்த்ததைவிடப் பாடத்தில் படித்ததுதான் அதிகம். கேட் வாட்ச்மேனின் நாற்காலி மேல் ஏறி நின்றபோது காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது.

அங்கிருந்து பார்த்தேன். சார் ஓடக்கூட முடியாமல் உறைந்து நின்றார். அவர் தோளில் அம்மா கையை வைத்திருந்தாள்.

"ஆடாத சார். அது உன்னத் தேடி வர்ல. எலியத் தேடி வந்துகீது."

பாம்பு அவர்களைச் சட்டை செய்யாமல் அடுத்த புதருக்குள் போனது.

"உன் கார் வயர கட்ச்சது இந்த மாதிரி எலிதான். பொதர வெட்னா பூச்சி பூடும். எலி எங்கியும் போவாது. நேரா உன் வூட்டுக்குத்தான் வரும்."

காலையில் பார்க்கிங்கில் காத்திருந்தபோது, சார் மெக்கானிக்கிடம் போனில் கத்தியதை அம்மா கேட்டிருக்கிறாள். (நான் அப்போது 'பயோடைவர்சிட்டி'க்கு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன்.) அம்மா சொன்னதைச் சாரே எல்லோருக்கும் ஆங்கிலத்தில் விளக்கினார். என் மொழிபெயர்ப்பைவிட அது எவ்வளவோ தேவலை. திங்கட்கிழமை ஜேசிபி வரவில்லை. புதர்க்காடு இன்றைக்கும் அங்கே இருக்கிறது, பூச்சிகளோடு.

வீட்டில் என் சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மாமா போன் செய்தால், "ஆறடிப் பூச்சி வூட்ல கீதா?" என்றுதான் கேட்பார். மழையில் நான் குடை தேடினாலும், "பறக்காது, மரம் ஏறும்" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வாரம் பெரும்பாக்கம் பக்கமிருந்து வேறொரு அசோசியேஷன் கூப்பிட்டது. யார் வந்து பேசுவார்கள் என்று எழுதித்தரச் சொன்னார்கள். எழுதினேன்: 'பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பேசுபவர்: தலைவர். மொழிபெயர்ப்பு மட்டும்: செயலாளர்.' கையெழுத்துப் போடும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"பாம்புன்னு எழுதிகீறியா?"

"எழுதிட்டேம்மா."

"அப்ப ஸ்டாம்ப்ப குத்து."

குத்தினேன். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.