பேச்சுப் பெஞ்சின் பலகை பற்றி

அன்புள்ள தம்பி மகனுக்கு,

அத்தை எழுதுவது. நான் இங்கே நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தெருக்களை வடிவமைக்கும் பொறியாளராக நீ நகராட்சியில் இருப்பதால் இதை அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். ஆனாலும் 'நீ' என்றுதான் எழுதுவேன். பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கியவள் நான். அங்கே வேறு யாராவது பிரித்துப் படித்து முகம் சுளித்தால் இதை அவருக்கும் சொல்லிவிடு.

முதலில் ஒரு திருத்தம். பேச்சுப் பெஞ்சின் பலகையை நான் உடைத்துவிட்டதாக எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உடைக்கவில்லை, கழற்றினேன். உன் மாமா விட்டுப்போன திருப்புளியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் போனேன். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து ஓர் உறையில் போட்டு, உறையின் மேல் 'பெஞ்சுத் திருகாணிகள்' என்று எழுதினேன். பலகையைத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றி என் அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உடைப்பவர்கள் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. தனிமையில் மனம் கலங்கிப்போய் இப்படிச் செய்தேன் என்று இன்னொரு பேச்சும் உலவுகிறது. தலை வாரி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் போனேன் என்பதை மட்டும் அதற்குப் பதிலாகச் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் தெருவை நீ வரைபடத்தில் பார்த்திருப்பாய், நடந்து பார்த்திருக்க மாட்டாய். அதனால் சொல்கிறேன். என் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. காய்கறிச் சந்தை, தபால் நிலையம், நூலகம் மூன்றும் கீழே. தினமும் காலையில் இறங்கிப் போய், பையோடு ஏறி வருவேன். பாதி ஏற்றத்தில் முழங்கால் தன் கருத்தைத் தெரிவிக்கும். அந்த இடத்தில் சரியாக மருந்துக் கடை இருக்கிறது. அதன் வாசற்படியில் சற்று உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மீதியை ஏறுவது என் வழக்கம். பிறகு உங்கள் அலுவலகம் சக்கர நாற்காலி வரட்டும் என்று அந்தப் படியை இடித்துச் சாய்தளம் ஆக்கியது. அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. சாய்தளத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாது என்பதை மட்டும் ஒரு நாள் கண்டுகொண்டேன், மருந்துக் கடைக்காரரும் கண்டுகொண்டார். அன்று மாலையே, அந்த இடத்தில் ஒரு பெஞ்சு வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினேன். ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கேட்டேன்.

நீங்கள் பெஞ்சு தரவில்லை, திட்டம் தந்தீர்கள். முதியோரின் தனிமையைப் போக்கி ஊரின் ஆரோக்கியத்தை வளர்க்கும் திட்டம் என்றார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்து, வாழைப்பழம் போல வளைத்து, முதுகுக்குச் சாய்வு இல்லாமல், கைக்குப் பிடிமானம் இல்லாமல் ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். உயரம் என் முழங்காலுக்கும் கீழே. தாழ்வாக இருந்தால்தான் மக்கள் சாவகாசமாக உட்காருவார்களாம். சாவகாசமாகத்தான் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. அதன் ஓரத்திலேயே திருகிய ஒரு பலகை. 'இங்கே அமர்ந்திருப்பவர் பேச விரும்புகிறார். ஒரு வணக்கம் சொல்லுங்களேன்' என்று அதில் எழுதியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் சார்பில் அறிக்கை விட்டிருந்தீர்கள். நான் விரும்பியது உட்காருவதை. அதை எங்கும் எழுதக் காணோம்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அறிமுகமில்லாதவரிடம் தெருவில் நாமாகப் பேசக் கூடாது என்று சிஸ்டர்கள் சொல்லித் தந்தார்கள். ஒருவர் வணக்கம் சொல்லிக் கேட்டுவிட்டால் முகத்தைப் பார்த்து முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லித் தந்தார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இவ்வளவு காலம் ஓட்டிவிட்டேன். உன் பலகை முதலாவதைத் தள்ளிவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வணக்கம் சொல்லிவிட்டுத் தன் வயிற்றைப் பற்றி ஆரம்பித்தார். எந்த வேளை என்ன சாப்பிட்டார், அது எங்கே போய் நின்றது, ஏன் மேற்கொண்டு நகரவில்லை, எல்லாம். "உங்கள் வயிற்றுத் தொல்லையைக் கேட்டு வருந்துகிறேன், அது விரைவில் சரியாகும் என்று நம்புகிறேன்" என்று சொன்னேன். முழு வாக்கியம். மறுநாள் அது சரியானதா இல்லையா என்று தெரிவிக்க அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும். கை கேட்க வேண்டுமானால் கதையை முடிக்க விட வேண்டும். பையில் ஒரு புத்தகம் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். என்ன புத்தகம் என்று கேட்டார். முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. கதையையும் கேட்டார்.

இதுவரை பொறுத்துக்கொண்டேன். பிறகு உங்கள் நலப் பணியாளர் இரத்த அழுத்தக் கருவியோடு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைச் சோதிப்பதும் திட்டத்தில் சேர்ந்ததாம். நல்ல பெண், கையைச் சுத்தமாகக் கழுவியிருந்தாள். ஏற்றம் ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்காதவளின் கையில் பட்டையைச் சுற்றினாள். எண் அதிகமாக வந்தது. "கொஞ்ச நேரம் பேசாம இருங்கம்மா, மறுபடி பாக்கறேன்" என்றாள். பேசுவதற்கென்றே போட்ட பெஞ்சில் பேசாமல் இருக்கச் சொன்ன ஒரே ஆள் அவள்தான், எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் பட்டை இறுகிக்கொண்டிருந்தபோது மேலாளர் குனிந்து, அந்த எண்ணுக்கும் மலச்சிக்கலுக்கும் தொடர்பு உண்டா என்று என்னைக் கேட்டார். பதில் சொன்னேன். எண் இன்னும் ஏறியது. அவள் அதை அங்கேயே கைப்பேசியில் ஏற்ற, அவசரத்துக்கு என்று நான் கொடுத்திருந்த எண் வழியாக அது என் மகளின் கைப்பேசிக்குப் போயிற்று. என் மகளைத்தான் உனக்குத் தெரியுமே. மதியத்துக்குள் வந்துவிட்டாள், கையில் காலிப் பெட்டியோடு.

"போதும்மா. இனிமே நீங்க தனியா இருக்க வேண்டாம். எங்க வீட்ல எல்லாம் வாசலுக்கே வந்துடும், நீங்க ஒரு அடி எடுத்து வைக்க வேண்டியதில்ல" என்றாள். அவளுக்கு அது ஆறுதல். எனக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. அவள் வீடு பதினோராவது மாடி. எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல். அங்கே நான் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன், அலங்காரமாக இருப்பேன், அவ்வளவுதான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் என்னோடு கீழே இறங்கி ஏறுவாள். யார் துணையும் இல்லாமல் நான் வீடு சேர்ந்தால் பெட்டி காலியாகவே திரும்பிப் போகும். நடுவில் உட்கார்ந்து இளைப்பாறலாம், எழுந்திருக்க மட்டும் ஒரு கை பிடித்துக்கொள்ளலாம் என்பதைப் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டாள். பெட்டியை மட்டும் என் கூடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் அதைச் சுற்றித்தான் நடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த இடத்தில் அமைதியாக உட்கார்ந்து மூச்சு வாங்கியாக வேண்டும். அதற்காகத்தான் பலகையைக் கழற்றினேன், வேறு எதற்காகவும் இல்லை. கழற்றியும் பயன் இல்லை. மறுநாளும் மேலாளர் வந்தார். பலகைதான் இல்லையே என்று சுட்டிக்காட்டினேன். "அதனால என்னம்மா, எனக்கு எடம் தெரியாதா?" என்றார். மருந்துக் கடைக்காரர் உள்ளேயிருந்து, "எல்லாரும் பலகையப் பாத்தா வந்தாங்க? நீங்க உக்காந்திருக்கறதப் பாத்துல்ல வந்தாங்க" என்று தன் பங்குக்குச் சொன்னார். அவர் மாத்திரைகளைக் கவனித்தால் போதும்.

இந்த நிலையில்தான் உன் அறிவிப்பு வந்தது. 'பலகை இல்லாத பெஞ்சு திட்டத்தில் சேராது, எனவே அகற்றப்பட்டு வேறு தெருவுக்கு வழங்கப்படும்' என்று எழுதியிருந்தது. கீழே உன் கையெழுத்து. எழுத்து சீராக இருந்தது, அதற்கு மட்டும் பாராட்டு. தம்பி மகனே, கொஞ்சம் யோசித்துப் பார். பேச்சுத் துணை இல்லாமல் போனால் முதியவர்கள் உடல் கெட்டுப்போகிறார்கள் என்று நீங்கள் படித்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தெருவில் உட்கார இடம் இல்லாமல் போனால் அவர்கள் முதலில் வெளியே வருவதையே நிறுத்திவிடுவார்கள். பிறகு நீங்கள் யாரிடம் வணக்கம் சொல்லச் சொல்வீர்கள்? கதவிடமா? அதனால் என் கோரிக்கை இதுதான். பெஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பலகை வேண்டாம். இருக்கையை ஒரு சாண் உயர்த்தி, முதுகுக்கு ஒரு சாய்வும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வைத்துக் கொடு. பேச விரும்புகிறவர்களுக்கு எதிர் நடைபாதையில் இன்னொன்று போட்டுக்கொள், அங்கே மேலாளர் உட்காருவார்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல முழங்காலும் வாய்க்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் புறப்பட்டேன். இறங்கும்போது உட்கார வேண்டிய தேவை இல்லை, இருந்தாலும் கடைசித் தடவையாக இருக்குமோ என்று உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா பெஞ்சத் தூக்கிருவோம்மா" என்றார். என்னால் தனியாக எழுந்திருக்க முடியாது என்றேன். உடனே கை நீட்டினார். நல்ல பலமான கை. நான் பிடித்தால் எழுந்துவிடுவேன், எழுந்தால் பெஞ்சு போய்விடும். பிடிக்கவில்லை. அவர் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். வழக்கம் போல யாரும் எடுக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எந்த அறிமுகமும் இல்லாமல் நான்தான் முதலில் பேசினேன். சந்தை, என் முழங்கால், என் மகள், காலிப் பெட்டி, பதினோராவது மாடி, எல்லாம் சொன்னேன். அவர் பேச்சை விரும்பாதவர். அது எனக்குப் புரிவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பலகை இல்லாத பெஞ்சத் தூக்கச் சொல்லித்தாம்மா எங்கிட்ட தாள் குடுத்திருக்காங்க. பலகை இருந்தா எனக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

மருந்துக் கடைக்காரரிடம் என் வீட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பினேன். பலகையும் உறையும் திருப்புளியும் வந்தன. ஓட்டுநர் திருகினால் கோணலாகப் போயிருக்கும், அதனால் உட்கார்ந்தபடியே நானே மாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் கையைப் பிடித்து எழுந்தேன். ஆகவே பலகை வேண்டாம் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டதாகக் கொள். மேலாளரும் எதிர்ப்பக்கம் போக வேண்டியதில்லை. உயரம், சாய்வு, கைப்பிடி மூன்றையும் அடிக்கவில்லை.

பெஞ்சு இங்கேயே இருக்கும் என்று ஓட்டுநர் சொன்னது வாய்ப்பேச்சு. என் மகள் வாய்ப்பேச்சை ஏற்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கையெழுத்தோடு எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.