சுவரொட்டியில் இருந்தவள்

சுவரொட்டிக் கட்டைப் பிரித்ததும் மேலே இருந்த தாளில் வேறு யாரோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

பூனை தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே பெண்தான். பளபளவென்று கன்னம், அலை அலையாய் முடி, கறுப்புக் கோட்டு. படத்துக்குக் கீழே பூனையின் சொந்தப் பெயர், பூனை படிக்கிற துறை. அதற்கும் கீழே, ‘மாணவர் பேரவைச் செயலாளர் பதவிக்கு உங்கள் வாக்கு எனக்கே’ என்று பெரிய எழுத்து.

“ஸ்பீக்கர், இங்க கொஞ்சம் வாயேன்.”

அறைத்தோழி வாயில் பல் துலக்கும் நுரையோடு வந்தாள். விடுதியில் அவளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். அவள் ரகசியம் பேசினாலே மாடியில் கேட்கும். நடந்து வருவதே யாருக்கும் தெரியாததால் இவளுக்குப் பூனை என்று பெயர். ஒரே அறையில் இருவரையும் போட்டவர் கணக்குத் தெரிந்தவர்.

“யாருடீ இந்த அழகி?”

“தெரியலை.”

“உன் பேரு போட்டிருக்கு.”

“அதான் தெரியலைங்கறேன்.”

ஸ்பீக்கர் நுரையைத் துப்பிவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். “ஸ்டூடியோக்காரன் படத்தை மாத்திட்டான்டீ! இவ எவளோ வேலைக்கு மனு போடறதுக்காகக் கோட்டு மாட்டிட்டு எடுத்திருக்கா. உன் மூஞ்சிக்கு இந்நேரம் எந்தக் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கோ!”

பூனைக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்தல் சுவரொட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. அச்சடிப்பவரே கட்டைத் தேர்தல் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அடியில் அச்சடித்தவர் பெயர் இருக்க வேண்டும். அலுவலகம் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தித் தரும். முத்திரை இல்லாத தாளை ஒட்டினால் மனு தள்ளுபடி. முத்திரை குத்துவது ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவை முடிந்துவிட்டது.

படமெடுத்துச் சுவரொட்டியும் அச்சடித்துக் கொடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடினார்கள். கதவு இழுத்து மூடியிருந்தது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். கைபேசியும் அணைந்திருந்தது.

“அன்னைக்கே படத்தைப் பாத்துட்டு வந்திருக்கலாம்ல?”

“கம்ப்யூட்டர்ல பாக்கறியா பாப்பான்னு கேட்டார். வெக்கமா இருந்துச்சு. ஓடி வந்துட்டேன்.”

“வெக்கப்படறவ எதுக்குடீ எலெக்‌ஷன்ல நிக்கற?”

எதற்கென்று ஸ்பீக்கருக்கும் தெரியும். பெண்கள் விடுதியின் கேட்டை விளக்கு வைத்ததும் பூட்டிவிடுவார்கள். நூலகமோ அதற்குப் பிறகும் வெகுநேரம் திறந்திருக்கும். விலை கொடுத்து வாங்க முடியாத தடித்தடிப் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான். வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள். பகலெல்லாம் வகுப்பு. போன வருஷம் பூனை ஒரு பாடத்தில் கோட்டை விட்டது அப்படித்தான். இந்த வருஷமும் விட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அப்புறம் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். கேட்டைக் கொஞ்சம் தாமதமாகப் பூட்டச் சொல்லி அவள் கெஞ்சாத ஆள் இல்லை. “செயலாளர் மூலமா வா” என்றார்கள். செயலாளரோ பந்தாட்ட அணித் தலைவி; இந்த வருஷமும் அவளே நிற்கிறாள். எல்லோருக்கும் அவள் கேப்டன். “விளக்கு வெச்சப்புறம் எவ படிப்பா?” என்று கேட்டுவிட்டு அவள் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால்தான், கடையில் சோப்பு வேண்டுமென்றால்கூட விரலால் காட்டி வாங்குகிற பூனை தேர்தலில் நின்றாள்.

“ஒட்டிடுவோம்” என்றாள் ஸ்பீக்கர். “படத்தை உன்னை மாதிரி ஆக்க முடியாது. உன்னைப் படம் மாதிரி ஆக்கிடலாம்.”

பூனையின் பின்னலை அவிழ்த்துவிட்டாள். பவுடர் அப்பினாள். கண்ணாடியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பூனை தூணில் ஒரு தடவை, குப்பைத்தொட்டியில் ஒரு தடவை முட்டிக்கொண்டு, தாழ்வாரத்தில் எதிரே வந்த ஒரு நிழலைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“அக்கா, அந்தக் கேப்டனைத் தோக்கடிக்கணும். உங்க ஓட்டு எனக்குத்தான் போடணும்.”

நிழல் இடுப்பில் கை வைத்துக்கொண்டது.

“நான்தான் கேப்டன்” என்றது.

பூனை கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டாள்.

வகுப்பிலும் தப்பவில்லை. அவள் துறையில் ஆட்களே குறைவு; எல்லோருக்கும் அவளைத் தெரியும். “ஏய் பூனை, உன் பேருலயே இன்னொருத்தி நிக்கறாளாமே! நம்ம துறைன்னு வேற போட்டிருக்கு. புதுசா சேந்திருக்காளா?” என்று கேட்டார்கள். இல்லை, அது நான்தான் என்று சொல்லப் பூனை வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு ஆமென்று தலையை ஆட்டிவிட்டாள்.

“உனக்குத் தெரிஞ்சவளா?”

மறுபடியும் ஆட்டினாள்.

அந்த இரண்டு ஆட்டலில் சுவரொட்டிக்காரிக்கு உயிர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பூனையாலேயே நம்ப முடியவில்லை. தனக்காக ஒரு வார்த்தை பேச வராதவளுக்கு அந்தப் பெண்ணுக்காகப் பேச வந்தது. “அவங்க வந்தா கேட்டைத் தாமதமாப் பூட்டுவாங்க. நாமளும் நூலகத்துல உக்காந்து படிக்கலாம். உங்களுக்கு எந்தப் புத்தகம் வேணும், சொல்லுங்க” என்று அறை அறையாக ஏறி இறங்கினாள். கேட்டவர்கள் சுவரொட்டியைப் பார்த்தார்கள், சொக்கிப்போனார்கள்.

“முகத்துலயே ஒரு நேர்மை தெரியுது பாரேன்!”

“இவளை எனக்கு நல்லாத் தெரியும். எங்க பஸ்லதான் வருவா” என்றாள் ஒருத்தி.

“பஸ்ஸா? அவங்க வீட்டுல கார் இருக்கு” என்றாள் இன்னொருத்தி.

இரண்டு பேரும் அதற்குச் சண்டை போட்டார்கள். பூனை நடுவில் நின்று சமாதானம் செய்துவைத்தாள்.

ஸ்பீக்கர் பெயரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கைபேசியில் எடுத்துப் பூனையின் அம்மாவுக்கும் அனுப்பிவைத்தாள். உடனே அழைப்பு வந்தது.

“யாரும்மா இந்தப் பொண்ணு? லட்சணமா இருக்காளே!”

“கூடப் படிக்கறவம்மா.”

“பாரு, உன்னுது மாதிரியேதான் கம்மல் போட்டிருக்கா. அதே கம்மல் அவ காதுல எப்படி எடுப்பா இருக்கு! நீயும் இருக்கியே, தலையைக்கூட ஒழுங்கா வாராம.”

வேட்பாளர்கள் மேடையில் பேசும் நாள் வந்தது. மேடையில் யாரை ஏற்றுவது?

“அவளுக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடு” என்றாள் ஸ்பீக்கர்.

சொன்னாள். அவளிடம் சேர்த்துவிடச் சொல்லிச் சாயங்காலத்துக்குள் பூனையின் அறை வாசலில் மிட்டாயும் மருந்தும் வெந்நீர்க் குடுவையும் குவிந்தன. பார்த்தே தீருவோம் என்று ஒரு கூட்டம் நின்றது. தொண்டைக்கட்டு காய்ச்சலாயிற்று. காய்ச்சல் என்றால் எந்த ஆஸ்பத்திரி என்றார்கள். ஸ்பீக்கர் வாய்க்கு வந்த ஆஸ்பத்திரியைச் சொன்னாள். அங்கேயும் நாலு பேர் பழத்தோடு போய், அப்படி யாரும் இல்லையென்று திரும்பி வந்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது பல்கலைக்கழகம் முழுக்க ஒரே பேச்சு. கேப்டன் அந்தப் பெண்ணை மிரட்டி எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள்!

“எங்கள் வேட்பாளர் எங்கே? வெளியே விடு! வெளியே விடு!”

மைதானத்தில் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. ஒரு பெண் பூனையின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். “இவங்கதான் அவங்களோட உயிர்த்தோழி. நீங்க சொல்லுங்கக்கா, நாங்க திருப்பிச் சொல்றோம்!” வேறு வழியில்லை. பூனை கையை உயர்த்தி, தன்னைக் காணவில்லை என்று தானே கோஷம் போட்டாள்.

கேப்டன் கோஷத்தைக் கேட்டாள். நேராகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பூனையைக் கூப்பிட ஆள் வந்தது; ஸ்பீக்கரும் கூடவே போனாள்.

தேர்தல் அதிகாரி புள்ளியியல் பேராசிரியர். பேச்சில் தசமப் புள்ளி விடமாட்டார். அவர் தலையில் வெளிச்சம் பட்டால் எதிரே இருப்பவர் கண்ணைச் சுருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் சுவரில் சுருள் முடியோடு ஓர் இளைஞன் படச் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். “சாரோட பையன் போல. சினிமாவுல சேத்துவிடலாம்” என்று ஸ்பீக்கர் ரகசியம் சொன்னாள். அறையில் எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி ஏனோ காலரைச் சரி செய்துகொண்டார்.

மேஜைமேல் சுவரொட்டி விரிந்திருந்தது. கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

“இந்தப் பேருல நம்ம பல்கலைக்கழகத்துல எத்தனை பேர் படிக்கறாங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“ஒருத்திதான் சார்.”

“யாரு?”

“நான்தான் சார்.”

கேப்டன் சிரித்தாள். “பாத்தீங்களா சார்? அழகான மூஞ்சியைக் காட்டி ஓட்டு வாங்கறா. கடத்தினது நான்னு வேற என் தலையில பழி. ஏம்மா பூனை, நீ கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டு போயிடுமா?”

“ஆள்மாறாட்டம் நிரூபணமானா மனு தள்ளுபடி. அடுத்த வருஷமும் நிக்க முடியாது” என்று அதிகாரி சுவரொட்டியைத் தூக்கிப் பூனையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இதைப் பார்த்தார்; அதைப் பார்த்தார். “அச்சடிச்சவரை வரச் சொல்லியிருக்கேன். அவர் வர்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. இது நீயா?”

ஸ்பீக்கர் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். ஆமாம் என்று சொல் என்பது அதற்கு அர்த்தம்.

ஆமாம் என்றால் பிழைக்கலாம். பூனை சுவரொட்டியைப் பார்த்தாள். இத்தனை நாளாக யாருக்காகப் படியேறி இறங்கினாளோ, அந்த முகம் அவளையே பார்த்துச் சிரித்தது. இவள் பேரைச் சொல்லி இன்னொரு பொய்யா?

“இல்ல சார். இது நான் இல்ல.”

கிள்ளிய கை அப்படியே நின்றது.

“இது யாருன்னு எனக்குத் தெரியாது சார். படம் மாறிப்போச்சு. அதைச் சொல்ல வாய் வரலை. ஆனா நான் சொன்னது பொய் இல்ல. கேட் பூட்டறது நிஜம். உள்ள பூட்டிக்கிட்டு, தூரத்துல நூலகத்துல எரியற விளக்கைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோமே, அதுவும் நிஜம். இந்தப் படத்துல இருக்கற அக்கா மூஞ்சியை நம்பி எல்லாரும் காது குடுத்துக் கேட்டாங்க. என் மூஞ்சிக்கு யாரும் கேக்கலை சார். என் பேரை அடிச்சுடுங்க. கேட்டை மட்டும் யாராவது பாத்துக்குங்க.”

அவள் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்பீக்கர் மூக்கை உறிஞ்சினாள். கேப்டன் கட்டியிருந்த கையைத் தளர்த்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அதிகாரிக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் சட்டம். சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். “வேற வழியில்லம்மா. வேட்பாளரே ஒத்துக்கிட்டாச்சு.”

அப்போது கதவு தட்டப்பட்டது. பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்தவர் மாதிரி, தோளில் கேமராப் பையோடு ஸ்டூடியோக்காரர் நின்றார். “கூப்பிட்டீங்களாமே சார்?”

“வாய்யா. கொஞ்சம் பொறுப்பு வேண்டாம்? ஒரு பொண்ணோட பேருக்கு மேல யாரோட படத்தைப் போட்டு அடிச்சு வெச்சிருக்க?”

ஸ்டூடியோக்காரர் குனிந்து சுவரொட்டியைப் பார்த்தார். நிமிர்ந்து பூனையைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

“யாரோட படமா? இந்தப் பாப்பாவோடதுதான் சார்! கண்ணாடியை எடுத்தேன், கன்னத்தை ரொப்பினேன், முடியைச் சுருட்டிவிட்டேன், ஒரு கோட்டை மாட்டினேன், கலரைக் கொஞ்சம் தூக்கினேன். உங்க தலைக்குப் பின்னாடி மாட்டியிருக்கே உங்க படம், அதுக்குப் பண்ண அதே வேலைதானே சார்!”