வாத்து டீச்சரின் லீவு வகுப்பு

வாத்துக்கு இறகு முளைப்பதற்காக ஒரு தெருவின் பிள்ளைகளையெல்லாம் கிறிஸ்துமஸ் லீவில் டைப் அடிக்க வைத்த ஆத்மா உலகத்திலேயே ஒன்றுதான். அவர் எங்கள் வாத்து டீச்சர்.

எழுபதுகளில் தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்த சமயம். டைப் தெரிந்தால் அங்கே வேலை நிச்சயம் என்று ஊரே நம்பியது. நானும் நம்பி டீச்சரின் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன். டீச்சர் நாசரேத்துக்காரர், தனி ஆள். முன்னறையில் எட்டு மிஷின், பின்பக்கம் ஆறு வாத்து. மிஷினுக்கு எண்ணெயும் வாத்துக்குத் தீனியும் தினமும் அவர் கையால்தான். ஒரு நாள் மாற்றிப் போட்டுவிட்டார் என்று என் கூட்டாளி சேவியர் சத்தியம் செய்வான். பெட்டைகளில் மூத்தது எஸ்தர். ஒரே ஆண் வாத்து போவாஸ். அதற்குத் தொண்டை கட்டினாற்போல ஒரு குரல். ஆனால் பார்வையில் ஹெட்மாஸ்டர்.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் ஒரு தெருநாய் சுவரேறி உள்ளே குதித்தது. டீச்சர் துடைப்பத்தோடு ஓடியதால் உயிர்ச்சேதமில்லை. ஆனால் பயமும் குளிரும் சேர்ந்து, நாலைந்து நாளில் ஆறும் மொத்தமாக இறகை உதிர்க்க ஆரம்பித்தன. பின்பக்கம் முழுக்கத் தலையணை வெடித்தது போல இருந்தது. முட்டை நின்றது. எஸ்தருக்கு வாலே இல்லை. வெட்கப்பட்டு மூலையிலேயே நின்றது.

இது சீக்கு இல்லை, உருமாற்றம் என்றார் டீச்சர். புது இறகு முளைவிடும்போது அதில் ரத்தம் ஓடுமாம், தொட்டால் வலிக்குமாம். பயமுறுத்தாமல், நல்ல தீனி போட்டால் போதுமாம். சுற்றிலும் சாக்குக் கட்டினார், வைக்கோல் பரப்பினார், சாளை மீனை அவித்து மசித்துப் போட்டார். சேவியரின் அப்பா சங்கு குளிப்பவர். அவன் தினமும் சங்குக்கறி கொண்டுவந்தான்.

வீட்டுக்கார அண்ணாச்சிக்குப் பக்கத்திலேயே பலசரக்குக் கடை. பறந்து வந்த இறகு ஒன்று கருப்பட்டியில் ஒட்டியதும் அவர் நேரே வந்துவிட்டார்.

“டீச்சர், இது கொள்ளைநோய் மாதிரில்லா தெரியுது. பொங்கலுக்குள்ள சரியாகலேன்னா வாத்தையும் மிஷினையும் சேத்து வேற இடம் பாத்துக்கிடுங்க.”

“பழைய சட்டையக் கழத்திப் போட்டுட்டு நிக்குதுக அண்ணாச்சி. புதுச்சட்டை தைச்சு வாரதுக்குள்ள வீட்ட விட்டு இறக்குவாகளா?”

அண்ணாச்சி கெடுவை மாற்றவில்லை.

இதற்குள் லீவு விட்டாயிற்று. தெருவில் வெடிச்சத்தம் தொடங்கியது. வாத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. டீச்சர் கவலையில் ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்து சும்மா தட்டியிருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டதும் போவாஸ் எழுந்து தீனித் தட்டுப் பக்கம் போயிருக்கிறது. குஞ்சிலிருந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த வாத்துகள் அல்லவா!

மறுநாள் காலை டீச்சர் வீடு வீடாக வந்தார். “ஏலே, லீவு ஒனக்குத்தான். வாத்துக்கு இல்ல. கெளம்பு.”

மிஷின்களைப் பின்பக்க ஜன்னலோரம் நகர்த்தினோம். வெடிச்சத்தம் கூடினால் நாங்கள் வேகத்தைக் கூட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் அன்றும் கோயில் முடிந்து புதுச்சட்டையோடு வந்து அடித்தோம். கேக் அங்கேயே வந்துசேர்ந்தது. யாராவது தப்படித்து நிறுத்தினால் உடனே போவாஸ் கழுத்தை நீட்டிப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்து நிறுத்துவதையே விட்டோம். கீபோர்டு எழுத்தைப் பார்த்து அடிக்காதே என்று டீச்சர் மாதக்கணக்கில் ஸ்கேலால் விரலில் தட்டியும் நடக்காத காரியம் அப்போது தானாக நடந்தது. எங்கள் கண்ணெல்லாம் வாத்துமேல் இருந்தது. விரல்கள் தம்பாட்டுக்கு ஓடின.

மார்கழி பாதிக்குமேல் முளைகள் நுனி பிரிந்து, தூரிகை மாதிரி விரிந்தன. பொங்கலன்று அண்ணாச்சி புதுவேட்டியில் வந்து நின்றார். டீச்சர் பின்கதவைத் திறந்தார். போவாஸ் முன்னே வர, ஆறும் வகுப்பறை வழியாக வரிசையாக நடந்து தெருவில் இறங்கின. வெள்ளையென்றால் உப்பளத்து வெள்ளை. வாசலில் கிடந்த தண்ணீரில் இறங்கிய எஸ்தர், புதுச்சிறகை ஒருமுறை முழுசாக விரித்து அடித்தது. அண்ணாச்சி வேட்டியெல்லாம் சேறு. நாங்கள் விசிலடித்தோம்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் வேட்டியையும் வாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “முட்டை போட ஆரம்பிச்சா நமக்கும் ஒண்ணு குடுங்க டீச்சர்” என்றார்.

“வரிசையில நில்லுங்க அண்ணாச்சி.”

அதற்கடுத்து வந்த பரீட்சையில் எங்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. நானும் சேவியரும் துறைமுகத்திலேயே வேலைக்குப் போனோம்.

பரீட்சைக்குப் புறப்பட்ட காலையில் ஹால் டிக்கெட்டோடு டீச்சர் வீட்டில் கூடினோம். இறகு முளைத்தபின் முதல்முறையாக, விடியற்காலையில் எஸ்தர் முட்டையிட்டிருந்தது. ஒரே ஒரு முட்டை. டீச்சர் அதை அவித்து, தையல் நூலால் அறுத்து, எல்லார் கையிலும் ஜெபம் சொல்லி வைத்தார். எனக்கு வந்தது நகக்கண் அளவு மஞ்சள் கரு. பரீட்சை மணி அடிக்கும்வரை அதை நான் விழுங்கவில்லை.