சேரப்பணஞ்சேரி டிராஃபிக்

"சேரப்பணஞ்சேரியாண்ட தினமும் பன்னெண்டு நிமிஷம் உன் பஸ்ஸு நிக்குதே, இன்னாணா?"

போனில் கேட்டவன் கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் பிரசன்னா. டிரைவர் முனிரத்தினம் வாயில், அங்கே ரோட்டோரம் டீக்கடை போட்டிருக்கும் மெர்சியின் போண்டா முழுசாக இருந்தது. அவசரமாக விழுங்கிவிட்டு, "செம டிராஃபிக்குப்பா" என்றார்.

ஒரகடம் ஃபேக்டரியில் ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, காலி பஸ்ஸோடு திரும்பும்போது அந்தப் போண்டா உள்ளே போகாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. போன மாதம் சாலைத் திட்ட ஆபீஸ்காரர்கள் கம்பெனி பஸ்களில் எல்லாம் ஜிபிஎஸ் டப்பா மாட்டிவிட்டார்கள். வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் இனி ரோடு போடுவார்களாம்.

"மத்த பஸ்ஸெல்லாம் நிக்கலையே? சும்மா நிறுத்துனா வேலை பூடும்ணா" என்றான் பிரசன்னா.

மறுநாளே மற்ற டிரைவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி மெர்சி கடைக்கு இழுத்து வந்தார். ருசி கண்டவர்கள் அப்புறம் கூப்பிடாமலே வந்தார்கள். எட்டு பஸ் வரிசையாக நின்றதில் பின்னால் லாரிகளும் மாட்டிக்கொண்டு, நிஜமாகவே டிராஃபிக் ஆகிவிட்டது.

"மேப்புல அந்த எடம் செக்கச்செவேல்னு கீதுணா" என்றான் பிரசன்னா. முனிரத்தினம் நிம்மதியாக இன்னொரு போண்டா கேட்டார்.

அடுத்த வாரம் சாலைத் திட்ட அதிகாரி சங்கரநாராயணன் ஜீப்பில் வந்து இறங்கினார். அவருடைய டிரைவர் வெங்கடேசன் இறங்கவில்லை.

"இங்க ரோட்டை அகலப்படுத்தணும். இந்தக் கடையை எடுத்துடுவோம்" என்றார் அதிகாரி.

மெர்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்த நம்பித்தான் சார் எங்க வூட்ல அடுப்பு எரியுது."

வேலை போனால் போகட்டும் என்று முனிரத்தினம் உண்மையைக் கக்கினார். "இங்க டிராஃபிக்கே கெடையாது சார். போண்டா துன்னத்தான் நாங்க நிறுத்துறோம்."

அதிகாரி சிரித்தார். "கடையைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க. உங்க பஸ்ல டப்பா மாட்டறதுக்கு முன்னாடியே என் ஜீப்ல மாட்டிப் பார்த்தாச்சு. என்னை ஆபீஸ்ல விட்டுட்டுப் போற வண்டி தினமும் பதினோரு மணிக்கு இங்கதான் முக்கால் மணி நேரம் நிக்கறது. நகரவே முடியலைன்னு வெங்கடேசனே சொல்றார். அதனாலதான் இந்த ஆராய்ச்சியே ஆரம்பிச்சோம்."

முனிரத்தினம் திரும்பி ஜீப்பைப் பார்த்தார்.

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு டீயை ஜீப்புக்குள் நீட்டினாள். "இன்னா வெங்கடேசண்ணே, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்? பதினோரு மணிக்குத்தானே வந்து முக்கா மணி நேரம் குந்தினு இருப்பீங்க?"