இரண்டாம் ஆண்டு நிபுணரின் கழுத்து

மனிதர்களில் இரண்டாம் ஆண்டு நிபுணர் என்று ஓர் இனம் உண்டு. முதலாம் ஆண்டில் இவரை நீங்கள் அடையாளம் காண முடியாது. எல்லாரையும் போல டிராமில் எதிர்த்திசையில் ஏறி, எங்கோ இறங்கி, அழாத குறையாக வழி கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாம் ஆண்டில் ஒருவேளை தெளிந்துவிடுவார். நடுவில் இருக்கும் அந்த ஒரு வருடம்தான் ஆபத்தானது. அந்த வருடத்தில் இவருக்கு எல்லாம் தெரியும்.

யாரோ சொல்லிக் கேட்டு நான் இதைச் சொல்லவில்லை. பிரான்சில், திஜோன் நகரத்தில் ஒரு வணிகக் கல்லூரியில், வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நாற்பது நாட்டுப் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழையும் அதன் நகலையும் அந்த நகலின் நகலையும் தூக்கிக்கொண்டு என் கவுண்டரில் வந்து நிற்பார்கள். நான் முத்திரை குத்துவேன். முத்திரை குத்துகிறவளுக்கு ஆட்களைப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும்.

நிபுணரை எப்படிக் கண்டுபிடிப்பது? செப்டம்பர் வெயிலிலேயே கழுத்தில் மப்ளர் ஏறியிருக்கும். பேக்கரியிலிருந்து நீள ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்ததும் அதன் நுனியைக் கடித்துவிட்டு, கூட வருகிறவரிடம், "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ரொட்டி முழுசா இருந்தா அவன் பிரெஞ்சுக்காரனே இல்ல" என்பார். என்ன கேட்டாலும் முதலில் கன்னத்தை உப்பி 'ப்ஃப்' என்று காற்றை விட்டுவிட்டுத்தான் பதிலுக்கு வருவார். ரயில் வேலைநிறுத்தம் என்றால் ரயில் ஓட்டுகிறவர்களைவிட அதிகமாகக் கொதிப்பார். வீட்டுக்கு போன் பேசும்போது பெற்ற தாயிடமே "உங்க நாட்டுல" என்பார். இது முற்றிய நிலை. மருந்து கிடையாது.

நான் பார்த்த நிபுணர்களில் உச்சம் ராதோஸ்லாவ். பல்கேரியாவில் ப்ளோவ்தீவ் ஊர்க்காரன். அப்பா பஸ் டிரைவர். கல்லூரியில் எல்லாருக்கும் ராதோ.

அவன் வந்த முதல் நாள், "பிறப்புச் சான்றிதழ் கொண்டு வந்திருக்கியா?" என்று கேட்டேன். தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். "அப்ப எதுக்கு வந்து வரிசையில நிக்கறே?" என்று கத்தினேன். அவன் மிரண்டுபோய்ச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தான். அவர்கள் ஊரில் வழக்கம் அப்படி: இடவலமாக ஆட்டினால் ஆமாம், மேலும் கீழுமாக ஆட்டினால் இல்லை. அன்றைக்கே வெட்கப்பட்டுக் கழுத்தைப் பழக்க ஆரம்பித்தான். கேள்வி கேட்டால் அரை நொடி யோசிப்பான். அப்புறம் எங்களைப் போல ஆட்டுவான். ஒரு வருடத்தில் அந்த அரை நொடியும் போய்விட்டது. கழுத்து பிரெஞ்சுக் கழுத்தாகிவிட்டது என்று அவன் நம்பினான். நானும்தான் நம்பினேன்.

இரண்டாம் ஆண்டு தொடங்கியது. நாடுகளின் பழக்கவழக்கமும் வணிகமும் என்று எங்கள் கல்லூரியில் ஒரு பாடம் உண்டு. அதற்காக ராதோ முப்பத்திரண்டு ஸ்லைடுகள் தயாரித்தான். ஜப்பான்காரரிடம் விசிட்டிங் கார்டை எப்படி நீட்டுவது, ஜெர்மன்காரர் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது, பிரேசில்காரர் எவ்வளவு நெருங்கி நின்றால் பயப்படக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. எங்கள் பிரான்சுக்கு மட்டும் பதினோரு ஸ்லைடு. இருபதுக்குப் பதினைந்து வாங்கினான். எங்கள் கல்லூரிகளில் இருபது கடவுளுக்கு, பத்தொன்பது ஆசிரியருக்கு, மிச்சம் இருப்பதில்தான் மனிதர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பதினைந்து என்றால் தலைகால் புரியாது. மதிப்பெண் தாளை அறைக் கதவில் ஒட்டிவைத்தான்.

"எல்லா நாடும் இருக்கு, உன் நாட்டைக் காணோமே?" என்று ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"எங்களுக்கு அப்படி விசித்திரமா ஒண்ணும் கிடையாது, மதாம். நாங்க சாதாரண ஜனங்க" என்றான்.

நிபுணருக்குச் சீடர்கள் வேண்டாமா? தமூனா என்ற ஜார்ஜியா நாட்டுப் பெண் அந்த வருடம்தான் வந்திருந்தாள். கேன்டீன் வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவளுக்கு வகுப்பு நடக்கும். பின்னால் நிற்கிற என் காதிலும் விழும்.

"பார்த்ததும் கன்னத்துல முத்தம் ரெண்டு. தெற்கே மோன்பெலியே பக்கம் போனா மூணு."

"எல்லாருக்குமா? கைகொடுக்க வேண்டியவங்க யாரு, முத்தம் குடுக்க வேண்டியவங்க யாருன்னு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியும்."

"எனக்குத் தெரியலையே."

"ரெண்டாம் வருஷம் தெரியும்."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் படிப்பில் கடைசி ஆறு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை செய்தாக வேண்டும். அதற்கு ஓர் ஒப்பந்தத் தாள். மாணவர், நிறுவனம், கல்லூரி மூவரும் கையெழுத்துப் போட்டு மே முப்பத்தொன்றுக்குள் என் மேசைக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் டிசம்பரில் பட்டம் இல்லை. இன்னும் ஒரு வருடம். ராதோவின் அப்பாவும் அம்மாவும் பட்டமளிப்பைப் பார்க்க டிசம்பருக்கான பஸ் டிக்கெட்டை மார்ச்சிலேயே வாங்கிவிட்டார்கள். அம்மா அதற்கென்று ஒரு நீலக் கோட்டுகூட வாங்கிவிட்டாராம். ராதோ பதினான்கு நிறுவனங்களுக்கு எழுதினான். ஒன்றும் பதில் போடவில்லை.

பதினைந்தாவதாக மதாம் பெர்த்தோ கூப்பிட்டார். பக்கத்து ஊரில் மதுவுக்கான மரப் பீப்பாய் செய்து ஏற்றுமதி செய்கிற அம்மாள். பல்கேரியாவின் திராட்சைத் தோட்டக்காரர்களோடு பேசிப் பழக ஓர் ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. கவனியுங்கள், எந்த நாட்டுக்கு ராதோ ஒரு ஸ்லைடுகூடப் போடவில்லையோ, அந்த நாட்டுக்காகத்தான் அவனைத் தேடி வேலை வந்தது. மதிய உணவுக்கு வரச் சொன்னார்.

விருந்துக்கு முதல் நாள் தமூனாவுக்குச் சிறப்பு வகுப்பு. "மூணு விதி எழுதிக்கோ. ஒண்ணு, சாப்பாட்டு மேசையில வேலைப் பேச்சை நாமளா எடுக்கக் கூடாது. சீஸ் வரும்போது அவங்களே எடுப்பாங்க. ரெண்டு, வாயில சாப்பாடு இருந்தா பேசவே கூடாது. மூணு, ஒரு விஷயம் முடிவாயிடுச்சுன்னா அதைப் பத்தி மறுபடி வாயத் திறக்கறது அநாகரிகம்." முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது எங்கள் நாட்டில் யாருக்கும் தெரியாது, அவனே பெற்றெடுத்தது.

அன்றைய விருந்து பற்றி மதாம் பெர்த்தோவும் சொன்னார், அவனும் சொன்னான். இரண்டு மணி நேரம் பிசகவே இல்லையாம். நத்தையை இடுக்கியால் பிடிக்கிற இடத்தில் பிடித்தான், மழையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் மழையைப் பற்றிப் பேசினான். கடைசியில் சீஸ் வந்தது. எங்கள் பக்கத்து எப்வாஸ் சீஸ். பக்கத்து வீடு வரைக்கும் மணக்கும், வாயில் போட்டால் பசை போல அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கரை ஏறிவிட்டோம் என்ற நிம்மதியில் ராதோ ஒரு பெரிய துண்டை வாய்க்குள் தள்ளினான். அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் கேட்டார்:

"அப்போ, ஜூன்லேர்ந்து எங்ககூட வந்துடறீங்களா?"

வாயில் எப்வாஸ். விதி இரண்டு நினைவில் இருக்கிறது. மனம் நிறைந்து வழிகிறது. இரண்டு வருடமாகப் பழக்கிய கழுத்து அந்த ஒரு நொடியில் யாரையும் கேட்காமல் ப்ளோவ்தீவுக்குத் திரும்பிப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக, ஆனந்தமாக ஆட்டினான்.

"நிச்சயமாவா?" என்றார் அவர். இன்னும் பலமாக ஆட்டினான்.

"சரி, புரியுது" என்று அந்த அம்மாள் பேச்சை மாற்றி, ஆலங்கட்டி மழையில் போன பேரிக்காய்களைப் பற்றிப் பேசினார். விதி மூன்றின்படி ராதோவும் பேரிக்காய்களுக்காக வருத்தப்பட்டான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

மறுநாள் கவுண்டருக்கு வந்து, "முடிஞ்சுது மதாம்" என்றான். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, தாள் வரவில்லை. கேட்டால் கன்னத்தை உப்பினான். "பிரான்ஸ்ல யாரும் அவசரப்பட மாட்டாங்க மதாம். அதுலயும் மே மாசம், வாரத்துக்கு வாரம் லீவு."

இருபத்திரண்டாம் தேதி மதாம் பெர்த்தோவே என்னைக் கூப்பிட்டார். "உங்க பையனுக்கு எங்க வேலை புடிக்கல போல. ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் மாட்டேன்னு தலையை ஆட்டிட்டான். வேற யாராவது இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க." அவனை இழுத்து வரச் சொன்னேன்.

"ராதோ, அந்தம்மா கேட்டப்ப நீ வாயால பதில் சொன்னியா?"

"வாயில சீஸ் இருந்துச்சு மதாம்."

"அப்ப தலையை எப்படி ஆட்டினே?"

ஆட்டிக் காட்ட ஆரம்பித்தான். கழுத்து இடப்பக்கம் போனது, வலப்பக்கம் திரும்பியது, பாதியில் நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. நான் போனை எடுத்து அவன் கையருகில் வைத்தேன்.

"இந்தா, இப்பவே பேசு. 'எங்க ஊர்ல ஆமாம்னா இப்படித்தான் ஆட்டுவோம்'னு சொல்லு. சிரிச்சிட்டு வேலை குடுத்துடுவாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் இடம் இருக்கு."

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? நம் ஆள் கன்னத்தை உப்பினான்.

"போன்லயா? மதாம், நீங்க இங்கயே பொறந்தவங்க, அதனால உங்களுக்குத் தெரியல. பிரெஞ்சுக்காரங்க எழுத்துக்குத்தான் மரியாதை குடுப்பாங்க."

"நானே பிரெஞ்சுக்காரிதானேப்பா!"

"அதத்தான் சொல்றேன். உள்ள இருக்கறவங்க கண்ணுக்குத் தெரியாது."

கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதை நேரில் பார்த்தேன். ஊருக்கு ஊர் வழக்கம் வித்தியாசமாக இருக்கும் என்று ஸ்லைடு போட்டுச் சொன்னவனுக்கு, என் ஊரில் இப்படி என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம். அதை மறைக்கத்தான் இத்தனை சட்டம்.

மூன்று நாள் உட்கார்ந்து நான்கு பக்கக் கடிதம் எழுதினான். முடிவில் வணக்கம் சொல்லும் வாக்கியம் மட்டும் ஐந்து வரி. அதை, மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் ரிஜிஸ்டர் தபாலில் போட்டான். எங்கள் நாட்டில் ரிஜிஸ்டர் தபால் அனுப்புகிறவர் யார்? குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர் அனுப்புவார், வழக்குப் போடப் போகிறவர் அனுப்புவார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன். "போன் பண்ணினியா?"

"லெட்டர் போயாச்சு மதாம்."

பன்னிரண்டு மணிக்குத் தமூனாவை அனுப்பினேன்; முதலாம் ஆண்டுக்காரர்களுக்கும் கோடையில் ஒரு பயிற்சி வேலை உண்டு. ஜார்ஜியாக்காரர்கள் மதுவை மண்பானையில் புதைத்து வைப்பவர்கள். பீப்பாய் விற்க நல்ல இடம். அவளுக்கும் அதே எப்வாஸ், வாய் நிறைய, அதே கேள்வி. அந்தப் பெண், "வர்றேன் மதாம்!" என்று கத்தியதில் சீஸ் தெறித்து அந்த அம்மாளின் சட்டைக் கையில் விழுந்ததாம். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்து, அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபால் போய்ச் சேர்ந்தது. பையன் வழக்குப் போடுகிறான் என்று பயந்து, மதாம் பெர்த்தோ அதைப் பிரிக்காமலேயே வக்கீலுக்கு அனுப்பிவிட்டார். வக்கீல் ஜூலையில் பிரித்தார். 'தங்கள் மேலான சமூகத்துக்கு' என்ற வரிவரை படித்துவிட்டு, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று கோப்பில் வைத்துவிட்டாராம்.

மே முப்பத்தொன்று போயிற்று. என் மேசையில் ராதோவின் தாள் இல்லை.

டிசம்பரில் அவன் பெற்றோர் வந்தார்கள். இரண்டு நாள் பஸ் பயணம். அம்மா நீலக் கோட்டில். அவன் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அரங்கத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் அந்த அம்மா கைதட்டினார். விழா முடிந்து என் அலுவலக வாசலில் மூவரும் நின்றபோது அப்பா ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று ராதோ பிறகு எனக்குச் சொன்னான்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாடா?"

ராதோ சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். மேலும் கீழுமாக, அரை நொடிகூடத் தயங்காமல், சுத்தமான பிரெஞ்சு ஆட்டம். ஆமாம் என்று பொய் சொன்னான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர் ப்ளோவ்தீவ் பஸ் டிரைவர். அவர் கண்ணுக்கு அது, 'இல்லப்பா' என்று தெரிந்தது.

அவர் அந்தக் கழுத்தில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டார். "விடுறா. அடுத்த டிசம்பருக்கு மறுபடி வர்றோம். அம்மா கோட்டு அப்பவும் புதுசாத்தான் இருக்கும்."

ராதோ அப்பாவின் தோளில் முகத்தை வைத்துத் தேம்பினான். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஏழெட்டு முத்திரை குத்தினேன். வேறென்ன செய்வது?

அடுத்த வருடம் படிப்பை முடித்துவிட்டான். திருந்திவிட்டான் என்றா நினைக்கிறீர்கள்? இப்போது புதிதாக வருகிறவர்களுக்குக் கல்லூரியே அவனை அழைத்துப் பேசச் சொல்கிறது. ஸ்லைடு முப்பத்து மூன்று ஆகியிருக்கிறது. கூடுதலாக வந்தது பல்கேரியா என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? நானும் எதிர்பார்த்தேன். அதன் தலைப்பு: 'தலையசைவைத் தப்பாகப் புரிந்துகொள்வது பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம்.'

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, 'அடடா, எனக்கும் இப்படி ஒருத்தரைத் தெரியுமே' என்று நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நான் பார்க்கவில்லை, ஆனாலும் தெரியும். எந்தப் பக்கம் ஆட்டினீர்கள் என்று கவனித்தீர்களா? கவனித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு அப்படி விசித்திரமாக ஒன்றும் கிடையாது. நீங்கள் சாதாரண ஜனங்கள்.