லுங்கிக் கொழுக்கட்டை

இனி இந்த வீட்டில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்குவதில்லை என்று முடிவெடுத்தேன். சோம்பேறித்தனம் இல்லை. உளவியல்.

மஸ்கட்டில் ஒரு ஏசி கம்பெனியில் மேலாளராக இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் திண்டுக்கல்லுக்குத் திரும்பியவன் நான். வந்த கையோடு மனித வளர்ச்சி பற்றி ஆன்லைனில் ஆங்கில வகுப்பு ஒன்று படித்தேன். தொட்டில் முதல் கடைசி மூச்சு வரை மனிதன் எட்டுக் கட்டங்களாக வளர்கிறானாம். கட்டத்துக்கு ஒரு கடமை. என் வயதுக்கு ஏழாவது கட்டம்: அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டுவது. வாசல் குழாயில் தண்ணீர் பிடிப்பது, ட்ரம் நிரப்புவது, மாடிக்குக் குடம் சுமப்பது எதுவும் அதில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லை.

மனைவி இசைவாணியிடம் அறிவித்தேன்.

“இசை, செத்த நேரம் உக்காரு. முக்கியமான விசயம்.”

“குழாயில தண்ணி வந்து எம்புட்டு நேரமாச்சு! அதவிட முக்கியமா?”

“அதப் பத்தித்தான். நான் இப்ப ஏழாவது கட்டத்துல இருக்கேன்.”

“குடம் கீழ்ப்படியிலதான் இருக்கு. எறங்கி வந்து தூக்குங்க.”

விடாமல் விளக்கினேன். ஆச்சரியம், உட்கார்ந்து கேட்டாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை. நான் மயங்கிவிட்டேன்.

“ஏங்க, ஒரு கட்டத்த விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவ முடியுமா?”

“முடியவே முடியாது! ஒண்ணொண்ணாத்தான் ஏறணும்.”

“அப்ப ஆரம்பத்துல என்ன?”

“கைக்குழந்தை முன்னாடி கிலுகிலுப்பையத் துணி போட்டு மூடிட்டா, அந்தப் பொருளே உலகத்துல இல்லைன்னு நெனைச்சுக்கும். கொஞ்சம் வளந்ததும் துணியத் தூக்கிப் பாக்கும். அதுதான் வளர்ச்சி.”

“அப்படியா? சரி, ஃப்ரிட்ஜுல மல்லித்தழை இருக்கு, எடுத்தாங்க.”

திறந்தேன். தயிர்க் கிண்ணம் இருந்தது. நேற்றைய குழம்பு இருந்தது. முந்தாநாள் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம்கூட இருந்தது. மல்லித்தழை இல்லை.

“தீந்துபோச்சு, இசை.”

வந்தாள். தயிர்க் கிண்ணத்தை ஒரு விரலால் நகர்த்தினாள். பின்னால் ஒரு கட்டு மல்லித்தழை, காடு மாதிரி நின்றது.

“இன்னும் பல்லே முளைக்கல. ஏழாவதுல போயி யாருக்கு வழிகாட்டப் போறீக?”

விடுவேனா? மறுநாள் குளித்துவிட்டு வந்தேன். லுங்கியைக் காணோம். வழக்கமாக அந்த இடத்தில் நின்றபடி கூவுவேன். தெருக்கோடி வரை கேட்கும். அன்று கூவவில்லை. கட்டிலில் கிடந்த போர்வையை மெல்லத் தூக்கினேன். அடியில் லுங்கி!

“இசை! நானே கண்டுபிடிச்சுட்டேன்!”

“நெசமாவா? என் ராசா!” என்று அடுப்படிக்கு ஓடினாள்.

சற்று நேரத்தில் கொழுக்கட்டை வாசம். எங்கள் பக்கத்தில் குழந்தை குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், பல் முளைத்தால் ஒரு பலகாரம், வாசற்படி தாண்டினால் இன்னொன்று. வெள்ளைக்காரர் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய கோட்பாட்டை நம் ஊர்ப் பெண்கள் எப்போதோ ஆவியில் வேகவைத்து எடுத்துவிட்டார்கள். மகிழ்ச்சியாகத் தின்றேன். மிச்சம் தூக்குவாளியில் எங்கே போகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு பக்ருன்னிசா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“அண்ணே, கொழுக்கட்டை வந்துச்சு. மாஷா அல்லாஹ்! எந்தப் பிள்ளைக்குன்னு கேட்டேன். உங்களுக்காமே! லுங்கிய நீங்களே எடுத்தீங்களாம்?”

அவளுக்குப் பின்னால் அவள் கணவர் அப்துல் ஹக்கீம். முகம் செத்துக் கிடந்தது.

“ஆம்பளைகளக் காட்டிக் குடுத்துட்டீங்களே, அண்ணே. காலையிலருந்து என் செருப்ப ஒளிச்சு வச்சுப் பரீட்சை நடத்துறா.”

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“இல்ல. இப்ப போட்டிருக்கிறது உங்களோடது.”

அடுத்த முறை குழாயில் தண்ணீர் வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து ஏழாவது கட்டத்துக்குரிய முகத்தை வைத்துக்கொண்டேன். இசைவாணி கூப்பிடவில்லை. திட்டவில்லை. நானாகவே எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். வாசலில் தெருப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

“என்ன கூட்டம்?”

“இன்னைக்கு நீங்க வாசப்படி தாண்டுவீகன்னு சொல்லியிருக்கேன். ரெண்டு கையிலயும் தண்ணிக் குடத்தோட. விழாமத் தாண்டிட்டா பாயசம்.”

“மாட்டேன்! நான் மாட்டேன்! தொடவே மாட்டேன்!”

இசைவாணி பூரித்துப்போய்க் கூட்டத்தைப் பார்த்தாள்.

“பாத்தீகளா, அடம்பிடிக்க ஆரம்பிச்சுட்டாரு! அது ரெண்டு வயசுக் கட்டம். வெரசா வளந்துட்டாரு.”

மாட்டேன் என்றாலும் வளர்ச்சி. சரி என்றாலும் வளர்ச்சி. இப்படி ஒரு கோட்பாட்டை எதிர்த்து யார் நிற்க முடியும்? குடங்களைத் தூக்கினேன்.

“வாங்கண்ணே, வாங்க! வலது கால்... அப்படித்தான்! கீழ பாத்து, கீழ பாத்து!”

கை தட்டினார்கள். ஒருத்தி செல்போனில் படம் பிடித்தாள். ட்ரம் நிரம்பியது. மாடித் தொட்டியும் நிரம்பியது. அப்துல் ஹக்கீம் சுவரோரம் நின்று எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

பாயசத்தில் முந்திரி தாராளம். இரண்டாவது டம்ளரை வழித்துக் குடிக்கும்போது, யோசிக்காமல் வாய் கேட்டுவிட்டது:

“அடுத்த கட்டத்துக்கு என்ன பலகாரம்?”

“அதிரசம்” என்று விளக்குமாற்றை நீட்டினாள்.